சினிமாவுக்குப் போகலாமா? சாந்தா ஆப்தேயின் கேள்வியும் புனே நடிகைகளின் வரலாறும்

1939 ஜூலை மாதம். பூனா என்று அப்போது அழைக்கப்பட்ட புனே நகரில், பிரபாத் ஃபிலிம் கம்பெனியின் வாசலில் ஒரு நடிகை உண்ணாவிரதம் உட்கார்ந்தார். பெயர் சாந்தா ஆப்தே. மராத்தியிலும் இந்தியிலும் அந்தக் கம்பெனிக்குப் பெரிய வெற்றிகளைத் தேடித் தந்தவர். சொந்தக் குரலில் பாடி நடித்தவர். சம்பளத்தையும் ஒப்பந்தத்தையும் பற்றிக் கம்பெனியோடு எழுந்த தகராறு பேசித் தீராமல் போனபோது, தினமும் வேலைக்குப் போய்வந்த அதே வாசலில் பட்டினி கிடந்தார்.

உண்ணாவிரதம் புனேவுக்குப் புதிதில்லை. 7 ஆண்டுகளுக்கு முன்பு, 1932 செப்டம்பரில், அதே நகரின் எரவாடா சிறையில்தான் காந்தி பட்டினி கிடந்தார். பூனா ஒப்பந்தம் அதன் விளைவு. ஆனால் அரசியல் கைதிகளின் ஆயுதத்தை ஒரு சினிமா நடிகை சம்பளத் தகராறுக்கு எடுத்தது நாட்டுக்குப் புதிது. நட்சத்திரத்தைத் தொழிலாளியாகப் பார்க்க யாரும் பழகியிருக்கவில்லை.

சினிமாவில் பெயர் வாங்கத் துடிக்கும் பெண்ணின் கதையை நாம் பல விதமாகக் கேட்டிருக்கிறோம். ஊரை விட்டு ஓடிவந்தாள், ஏமாந்தாள், சீரழிந்தாள் என்பது ஒரு விதம். கஷ்டப்பட்டாள், காத்திருந்தாள், ஜெயித்தாள் என்பது இன்னொரு விதம். இரண்டிலும் பாரம் முழுக்க அவள் ஆசையின் மேலேயே விழுகிறது. சாந்தா ஆப்தே அந்தக் கதையை வேறு இடத்திலிருந்து சொன்னார். வேலை நேரம் எவ்வளவு, கூலி எவ்வளவு, எப்போது வரும், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். புனேயின் நடிகைகளை வரிசையாகப் பார்த்தால், அவர்களில் பலரை வாழவைத்ததும் வீழ்த்தியதும் இந்த நான்கு விஷயங்களே என்பது புரியும்.

கொம்பு ஊதும் பெண்

பிரபாத் ஃபிலிம் கம்பெனி 1929 ஜூன் 1 அன்று கோலாப்பூரில் தொடங்கப்பட்டது. வி. சாந்தாராம், விஷ்ணுபந்த் தாம்லே, ஃபத்தேலால், கேசவராவ் தைபர், சீதாராம் குல்கர்ணி ஆகியோர் பங்குதாரர்கள். 1933-ல் கம்பெனி புனேவுக்கு இடம்பெயர்ந்தது. தளம், லேப், ஒப்பனை, உடை, தச்சுப் பட்டறை எல்லாம் ஒரே வளாகத்தில் இருந்தன. நடிகர்கள் முதல் தச்சர்கள் வரை எல்லோரும் மாதச் சம்பளக்காரர்கள். 1936-ல் வந்த 'சந்த் துக்காராம்' வெனிஸ் திரைப்பட விழா வரை போய்ப் பாராட்டுப் பெற்றது. அந்தக் கம்பெனியின் சின்னம், 'துதாரி' என்னும் கொம்பை ஊதும் ஒரு பெண்.

அந்தச் சின்னத்தைத் திரையில் பார்த்த தலைமுறைக்கு, சினிமாவில் பெண் நடிப்பதே ஒரு காலத்தில் பெரும்பாடாக இருந்தது என்பது நினைவில் இருந்திருக்கும். 1913-ல் 'ராஜா ஹரிச்சந்திரா' எடுத்த தாதாசாகேப் பால்கேவுக்குத் தாராமதி வேடத்துக்குப் பெண் கிடைக்கவில்லை. சாலுங்கே என்ற ஆண்தான் அந்த வேடத்தைப் போட்டார். அதே ஆண்டு 'மோகினி பஸ்மாசுர்' படத்துக்கு இருவர் கிடைத்தார்கள்: துர்காபாய் காமத்தும் அவர் மகள் கமலாவும். கணவரைப் பிரிந்து மகளோடு ஊர் ஊராகப் போகும் நாடகக் கம்பெனியில் வேலை செய்து பிழைத்தவர் துர்காபாய். இந்திய சினிமாவின் முதல் நடிகை, புகழைத் தேடி அல்ல, சோற்றைத் தேடி அங்கே வந்தவர்.

1927-ல் பிரிட்டிஷ் அரசு அமைத்த இந்தியத் திரைப்பட விசாரணைக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் சென்னை வழக்கறிஞர் திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார். நாடெங்கும் சுற்றி 353 சாட்சிகளிடம் விசாரித்தது அந்தக் குழு. 'கௌரவமான குடும்பத்துப் பெண்கள்' ஏன் சினிமாவுக்கு வருவதில்லை என்ற கேள்வி அங்கேயும் எழுந்தது. கேள்வியின் அமைப்பே பிரச்சினையைக் காட்டிவிடுகிறது. வருகிற பெண் எந்தக் குடும்பம் என்று துருவிக் கேட்டவர்கள், அவள் வேலை செய்யும் இடம் எப்படிப்பட்டது என்று அதே அக்கறையோடு கேட்கவில்லை.

1930-களில் காட்சி மாறத் தொடங்கியது. வசதியான குடும்பத்தில் பிறந்து கல்லூரியில் படித்த துர்கா கோட்டே, பிரபாத்தின் 'அயோத்யேச்சா ராஜா'வில் (1932) தாராமதியாக நடித்தார். ஹரிச்சந்திரன் கதையின் அதே வேடம். 20 ஆண்டுகளுக்குள் ஆண் போட்ட வேடத்தைப் படித்த பெண் போட்டார். துர்கா கோட்டேயும் ஆசைப்பட்டு வந்தவர் இல்லை, குடும்பத்தின் பண நெருக்கடி அவரை இங்கே தள்ளியது. ஆனாலும் அவர் வந்த பிறகு, 'நல்ல குடும்பம்' என்ற பழைய தடை கொஞ்சம் தளர்ந்தது.

கல்யாணத்தை ஏற்க மறுத்த நாயகி

சாந்தா ஆப்தே சிறுமியாகவே திரைக்கு வந்தவர். பண்டரிபுரத்தில் சங்கீதம் கற்றவர். 1932-ல் பால்ஜி பெண்டார்க்கர் இயக்கிய 'ஷ்யாம் சுந்தர்' முதல் படம். பிரபாத்தில் 'அம்ருத மந்தன்' (1934), 'அமர் ஜோதி' (1936), 'கோபால் கிருஷ்ணா' (1938) என்று வளர்ந்தார். அவரை வரலாற்றில் நிறுத்திய படம் 1937-ல் வந்த 'குங்கு'. இந்தியில் 'துனியா ந மானே'. நாராயண் ஹரி ஆப்தேயின் நாவலிலிருந்து சாந்தாராம் எடுத்தது.

கதை இது. தாய்மாமன் பணம் வாங்கிக்கொண்டு, நீரா என்ற இளம்பெண்ணைத் தந்தையின் வயதுடைய ஒரு வக்கீலுக்குக் கட்டிவைத்துவிடுகிறார். அந்தக் கல்யாணத்தைக் கல்யாணமாக ஏற்க நீரா மறுக்கிறாள். கிழவரை அறைக்குள் விடுவதில்லை. வீட்டில் தன்னிடம் தவறாக நடக்கப் பார்க்கும், கணவரின் மூத்த தாரத்து வளர்ந்த மகனைப் பிரம்பால் விளாசுகிறாள். கதையின் முடிவில் கணவர் தன் தவற்றை உணர்ந்து, வேறு திருமணம் செய்துகொள் என்று கடிதம் எழுதி வைத்துவிட்டு உயிரை மாய்த்துக்கொள்கிறார். நீரா படம் முழுக்க அழவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அவள் அழுகை எங்கேயும் சரணாகதியாக மாறுவதில்லை. நடுவில் லாங்ஃபெல்லோவின் ஆங்கிலக் கவிதை ஒன்றை அவளே பாடுகிறாள்; மராத்திப் படத்தில் அது ஒரு துணிச்சல்.

தன் சம்மதம் இல்லாமல் எழுதப்பட்ட ஒப்பந்தம் தன்னைக் கட்டுப்படுத்தாது என்று சொல்லும் பெண்ணாக அவர் நடித்தது 1937-ல். நிஜத்தில் ஓர் ஒப்பந்தத்தை எதிர்த்து வாசலில் உட்கார்ந்தது 1939-ல். வேடம்தான் அவரை அப்படி ஆக்கியது என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை; நான் அப்படி நினைக்கவும் இல்லை. அந்த வேடத்துக்கு உயிர் கொடுக்கும் குணம் அவரிடம் ஏற்கெனவே இருந்தது என்பதே பொருத்தம்.

ஒப்பந்தம் என்னும் பூட்டு

ஸ்டுடியோக்கள் மாதச் சம்பளத்தில் நடிகர்களை வைத்திருந்த காலத்தில் ஒப்பந்தம் இரண்டு வேலை செய்தது. மாதம் பிறந்தால் சம்பளம் என்ற பாதுகாப்பைத் தந்தது. வெளிப்படத்தில் நடிக்கக் கூடாது, கொடுத்த வேடத்தை மறுக்கக் கூடாது, கம்பெனி கேட்டபோது வர வேண்டும் என்று கையையும் கட்டிப்போட்டது. படம் ஓடி முதலாளிக்கு லாபம் குவிந்தாலும் நடிகையின் சம்பளம் ஒப்பந்தம் போட்ட நாளில் நின்றுவிடும். உலகெங்கும் இதே கதைதான். ஹாலிவுட்டில் பெட்டி டேவிஸ் 1936-ல் வார்னர் பிரதர்ஸ் ஒப்பந்தத்தை உடைக்கப் பார்த்து இங்கிலாந்துக்குப் போனார். லண்டன் நீதிமன்றத்தில் தோற்றுத் திரும்பினார். ஒலிவியா டி ஹாவிலண்ட் அதே கம்பெனியோடு மல்லுக்கட்டி, 1944-ல் கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றார். வேடத்தை மறுத்த நாட்களை ஒப்பந்தக் காலத்தோடு கூட்டிக்கொண்டே போகும் தந்திரத்துக்கு அந்தத் தீர்ப்பு முற்றுப்புள்ளி வைத்தது. 7 ஆண்டு என்றால் நாட்காட்டியின் 7 ஆண்டுதான்.

சாந்தா ஆப்தே இந்த இருவருக்கும் நடுவில் நிற்கிறார். அவருக்கு அந்த அளவு வழக்காடும் வசதியோ, துணைக்கு ஒரு நடிகர் சங்கமோ இல்லை. இருந்தது தன் உடம்பு மட்டும். எந்த உடம்பை வைத்துக் கம்பெனி சம்பாதித்ததோ அதையே பட்டினி போட்டு, கம்பெனி வாசலில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தார். அதன் நியாயம் பளிச்சென்று தெரியும். திரையில் பார்க்கும்போது அந்த உடம்புக்குப் பசி இருக்கும், களைப்பு இருக்கும் என்று யாரும் நினைப்பதில்லை. உண்ணாவிரதம் நெடுநாள் நீடிக்கவில்லை. ஆனால் பிரபாத்தோடு அவர் உறவு அதோடு முடிந்தது. எந்தக் கம்பெனிக்கும் கட்டுப்படாமல், படத்துக்குப் படம் பேசி நடிப்பவரானார்.

ஒரு நடிகை எழுதிய நூல்

அடுத்த ஆண்டு, 1940-ல், மராத்தியில் ஒரு புத்தகம் எழுதினார். பெயர் 'ஜாவூ மீ சினேமாத்?'. நான் சினிமாவுக்குப் போகட்டுமா என்பது பொருள். நடிக்க ஆசைப்படும் பெண்கள் நட்சத்திரங்களிடம் கேட்கும் அந்தக் கேள்வியையே தலைப்பாக வைத்துக்கொண்டார்.

நட்சத்திரங்கள் எழுதும் புத்தகம் பெரும்பாலும் வாழ்க்கைக் கதையாக இருக்கும். இது அப்படி இல்லை. சினிமாவை ஒரு தொழிலாக எடுத்துக்கொண்டு, முதல் போட்டவர் யார், லாபம் யாருக்கு, உழைப்பு யாருடையது என்று பிரித்துப் பார்த்தது. நடிகையின் வேலை எவ்வளவு நேரம், அந்த வேலை உடலையும் மனத்தையும் எப்படிச் சோரவைக்கிறது, புகழ் என்ற கணக்கில் எந்தெந்தச் செலவு மறைந்துபோகிறது என்று எழுதினார். திரைப்பட வரலாற்று ஆய்வாளர் தேவஸ்ரீ முகர்ஜி இந்த நூலை, களைப்பைப் பற்றி ஒரு நடிகை உருவாக்கிய கோட்பாடாகவே வாசிக்கிறார். எனக்கு அது மிகச் சரியாகப் படுகிறது. சினிமாவைப் பற்றி நடிகைகள் நினைவுகளைத்தான் எழுதுவார்கள், சிந்தனையை மற்றவர்கள் எழுதுவார்கள் என்ற எழுதாத விதியை 1940-லேயே உடைத்த நூல் அது.

தமிழில் ஸ்டுடியோவின் உள்பக்கத்தை, அங்கே நாள் முழுக்க உழைத்துக் கரையும் மனிதர்களை, ஜெமினியில் வேலை பார்த்த அசோகமித்திரன் 'கரைந்த நிழல்கள்' நாவலில் காட்டினார். அது பல பத்தாண்டுகள் கழித்து வந்த புனைவு. சாந்தா ஆப்தே எழுதியது, புகழின் உச்சியில் இருந்த ஒருவர் தன் துறைக்கு எதிராகவே கொடுத்த வாக்குமூலம்.

'போகாதே' என்று சொல்லிவிடுவது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஒழுக்கத்தைக் காவல் காத்தவர்கள் கைதட்டியிருப்பார்கள். 'வா, வானம் காத்திருக்கிறது' என்று அழைத்திருந்தால் முதலாளிகள் மகிழ்ந்திருப்பார்கள். போகிற இடம் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொண்டு முடிவு செய் என்ற மூன்றாவது பதிலை அவர் தேர்ந்துகொண்டார்.

தமிழில் ஒரு சாவித்திரி

பிரபாத்தின் பூட்டு திறந்ததால் தமிழ் சினிமாவுக்கும் ஒரு லாபம் கிடைத்தது. 1937-ல் 'சிந்தாமணி' எடுத்து வசூலை அள்ளிய ராயல் டாக்கி டிஸ்ட்ரிபியூட்டர்ஸும் இயக்குநர் ஒய்.வி. ராவும் 1941-ல் 'சாவித்திரி' எடுத்தார்கள். சாவித்திரியாக சாந்தா ஆப்தே, சத்தியவானாக ஒய்.வி. ராவ், நாரதராக எம்.எஸ். சுப்புலட்சுமி. அந்தப் படத்துக்காக சாந்தா ஆப்தே தமிழ் கற்றுக்கொண்டார். வசனத்தையும் பாட்டையும் தன் குரலிலேயே தந்தார். பின்னணிக் குரலில் ஒளிந்துகொள்ளாமல், பிறமொழி உச்சரிப்போடு மல்லுக்கட்டிய உழைப்பு அது.

எம்.எஸ். அந்த ஆண் வேடத்தை ஏற்றதன் பின்னணியும் இங்கே பொருந்தும். 'கல்கி' பத்திரிகை தொடங்குவதற்கான பணத்துக்காகவே அவர் அதில் நடித்தார். 1941 ஆகஸ்டில் இதழ் வெளிவந்தது. ஒரே படத்தில் இரு பெரும் பாடகிகள்: ஒருவர் தன் உழைப்பின் விலையைத் தானே பேசும் உரிமைக்காகப் போராடி வந்தவர், மற்றவரின் உழைப்பு ஒரு பத்திரிகையின் முதலாக மாறியது. நடிகையின் சம்பாத்தியம் எங்கே போகிறது, அதை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதை ஆராய விரும்புகிறவர்கள் இந்த ஒரு படத்திலிருந்தே தொடங்கலாம்.

தமிழ்நாட்டிலும் பேரம் பேசத் தெரிந்த பெண்கள் அப்போது இருந்தார்கள். 'பக்த நந்தனார்' (1935) படத்துக்குக் கே.பி. சுந்தராம்பாள் 1 லட்சம் ரூபாய் வாங்கியது இன்றும் பேசப்படுகிறது. 'காளிதாஸ்' (1931) நாயகி டி.பி. ராஜலட்சுமி 1936-ல் 'மிஸ் கமலா'வைத் தானே தயாரித்து இயக்கினார். இருவரும் நாடக மேடையில் பெயர் சம்பாதித்துவிட்டு, அந்தப் பெயரோடு சினிமாவுக்கு வந்தவர்கள். கையில் ஏற்கெனவே ஒரு பிடி இருந்தவர்களுக்கே பேரம் சாத்தியமானது. வெறுங்கையோடு வந்தவளுக்கு?

குடும்பத்தைச் சுமந்தவர்கள்

வெறுங்கையோடு வந்தவரின் கதையை ஹன்ஸா வாட்கர் சொன்னார். வீட்டின் வறுமைக்காகச் சிறுமியாகவே நடிக்க அனுப்பப்பட்டவர். பிரபாத்தின் 'சந்த் சக்கு' (1941), 'ராமசாஸ்திரி' (1944) படங்களில் நடித்தார். 'லோகசாஹிர் ராம் ஜோஷி' (1947) அவரை மராத்தியர் வீடுதோறும் கொண்டுபோய்ச் சேர்த்தது. 1959-ல் வந்த 'சாங்க்த்யே ஐகா' புனேயில் 2 ஆண்டுகளுக்கும் மேலாக ஓடியது.

அதே பெயரில், 'சொல்கிறேன், கேளுங்கள்' என்ற பொருளில், 1970-ல் அவர் தன்வரலாறு வந்தது. அவர் சொல்லச் சொல்லப் பத்திரிகையாளர் அருண் சாது எழுதினார். மணவாழ்வின் கசப்பு, குடி, மகளைப் பிரிந்த துயரம் எதையும் மறைக்காத நூல். அதற்கடுத்த ஆண்டே அவர் இறந்தார். ஷ்யாம் பெனகல் அந்த நூலிலிருந்து 1977-ல் 'பூமிகா' எடுத்தார். புனேயில் பிறந்த ஸ்மிதா பாட்டீல் அதில் நடித்துத் தேசிய விருது பெற்றார்.

'பூமிகா'வைக் கட்டுக்கடங்காத ஒரு பெண்ணின் அலைச்சலாகப் பலர் பார்க்கிறார்கள். நூலையும் படத்தையும் சேர்த்துப் பார்க்கும்போது என் கண்ணில் படுவது வேறு. ஒரு குடும்பம் முழுக்க ஒருத்தியின் சம்பாத்தியத்தில் சாப்பிடுகிறது; அந்தச் சம்பாத்தியத்தின் சாவியோ அவளிடம் இல்லை. கால்ஷீட்டைக் கணவர் பேசுகிறார், பணத்தை அவரே வாங்குகிறார், பிறகு அவளையே சந்தேகப்படுகிறார். நடிப்பை விட்டு வீட்டில் இருக்க அவள் விரும்பினாலும் விடமாட்டார்கள், நடித்தால் மதிக்கமாட்டார்கள். தமிழ் சினிமாவின் எத்தனையோ நடிகைகளின் வாழ்க்கை இந்த ஒரு பத்தியில் அடங்கிவிடும் என்பது நம் வாசகர்களுக்குத் தெரியும்.

சினிமாவுக்கு வெளியே, புனே மாவட்டத்து நாராயண்காவ் ஊரின் பெயரைத் தன் பெயராகக் கொண்ட, தமாஷா என்னும் நாட்டுப்புற ஆட்டக் கலைஞர் விட்டாபாய் இருக்கிறார். நிறைமாதக் கர்ப்பிணியாக ஆடிக்கொண்டிருந்தவர், வலி எடுத்ததும் மேடைக்குப் பின்னால் போய்ப் பிள்ளை பெற்று, கல்லால் தொப்புள்கொடியை அறுத்துக்கொண்டு மறுபடி ஆட வந்தார் என்பது மகாராஷ்டிரம் முழுக்கச் சொல்லப்படும் நிகழ்ச்சி. கலை அர்ப்பணிப்புக்கு உதாரணமாக அதைச் சொல்வார்கள். எனக்கு அதைக் கேட்கக் கோபம் வருகிறது. டிக்கெட் வாங்கியவர்கள் காத்திருக்கிறார்கள், ஆட்டம் நின்றால் அன்றைய பிழைப்பு நின்றுவிடும் என்ற நிலையில் ஒரு பெண்ணை நிறுத்தியதை அர்ப்பணிப்பு என்று பெயர் சூட்டி நாம் கடந்துவிடக் கூடாது. ஜனாதிபதி கையால் விருது வாங்கிய அவர், 2002-ல் வறுமையில் இறந்தார். இப்போது மாநில அரசு அவர் பெயரில் விருது கொடுக்கிறது.

அதே வளாகம், புதிய பலகை

1950-களில் பிரபாத் மூடப்பட்டது. 1960-ல் மத்திய அரசு அதே வளாகத்தில் திரைப்படக் கல்லூரி தொடங்கியது; இன்று அது இந்தியத் திரைப்பட மற்றும் தொலைக்காட்சிக் கல்லூரி. பிரபாத்தின் பழைய படப்பிடிப்புத் தளத்தில் மாணவர்கள் இன்றும் படம் எடுக்கிறார்கள். ரோஷன் தனேஜா பொறுப்பில் இருந்த நடிப்புப் பிரிவு, இந்திய நடிகைக்கு ஒரு பட்டயத்தைக் கையில் கொடுத்தது. குடும்பப் பெயரோ, தயாரிப்பாளரின் தயவோ இல்லாத பெண்ணும் தேர்வு எழுதி உள்ளே வரலாம்.

ஜெயா பாதுரி அங்கிருந்து வந்தார். 1971-ல் அவர் நாயகியாக அறிமுகமான 'குட்டி' இந்திப் படம், நடிகர் தர்மேந்திரா மேல் பைத்தியமாக இருக்கும் ஒரு பள்ளி மாணவியின் கதை. ஸ்டுடியோவுக்குள் அழைத்துப்போய், விளக்குக்குப் பின்னால் வியர்க்கும் தொழிலாளர்களைக் காட்டித்தான் அந்த மயக்கத்தைத் தெளியவைக்கிறார்கள். 1940-ல் சாந்தா ஆப்தே புத்தகத்தில் செய்த வேலையை, அந்தப் படத்தின் இயக்குநர் ஹிருஷிகேஷ் முகர்ஜி இன்னும் மென்மையாகத் திரையில் செய்தார். ஜெயாவின் மாணவர் படத்தைப் பார்த்து உந்தப்பட்டு இதே கல்லூரியில் சேர்ந்தவர் ஷபானா ஆஸ்மி. 'அங்குர்' (1974) அவருக்குத் தேசிய விருது வாங்கித் தந்தது.

இவர்களுக்கு முன்பே அதே கல்லூரியிலிருந்து வந்து, அதே விருதை வாங்கிய ஒருவரை இன்று அதிகம் பேர் நினைப்பதில்லை. ரெஹானா சுல்தான். ராஜிந்தர் சிங் பேடி இயக்கிய 'தஸ்தக்' (1970) படத்துக்குச் சிறந்த நடிகை விருது. அதே ஆண்டு வந்த 'சேத்னா'வில் பாலியல் தொழிலாளி வேடம். இரண்டும் துணிச்சலான படங்கள். இரண்டிலும் அவர் நடிப்பு பாராட்டப்பட்டது. ஆனால் அதற்குப் பிறகு அவரைத் தேடி வந்தவை அதே மாதிரி வேடங்களே. பட்டயமும் விருதும் இருந்தும், கவர்ச்சி என்ற ஒரே பெட்டிக்குள் போட்டு மூடினார்கள். தகுதி இருந்தால் மேலே வந்துவிடலாம் என்ற நம்பிக்கைக்கு எல்லை எங்கே என்பதை அவர் திரைவாழ்க்கை காட்டுகிறது. பயிற்சியைக் கல்லூரி கொடுக்கலாம். எந்த வேடத்துக்கு எந்தப் பெண் என்று முடிவு செய்யும் நாற்காலிகள் கல்லூரிக்கு வெளியே இருக்கின்றன.

கல்லூரிக்குள்ளேயும் நடிப்பு மாணவர்களின் நிலை உறுதியாக இல்லை. இயக்குநர் பிரிவு மாணவர்கள் தங்கள் படங்களில் வெளி ஆட்களைப் போட்டுக்கொள்கிறார்கள், எங்களுக்கு வாய்ப்பு தரவேண்டும் என்று 1970-களின் நடுவில் நடிப்பு மாணவர்கள் போராடியதை நசீருதீன் ஷா தன் நினைவுநூலில் எழுதியிருக்கிறார். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நடிப்புப் பிரிவையே மூடிவிட்டார்கள். மறுபடி திறக்க 2004 ஆயிற்று. ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம், இந்தியாவின் முதன்மைத் திரைப்படக் கல்லூரி நடிப்பைப் பாடமாகவே நடத்தவில்லை.

இன்றைய வாசல்

இன்று புனேயில் நடிக்க ஆசைப்படும் பெண்ணுக்கு வழிகள் கூடியிருக்கின்றன. கல்லூரி மாணவர்களுக்கான புருஷோத்தம் கரண்டக் ஓரங்க நாடகப் போட்டி 1960-களிலிருந்து நடக்கிறது. மராத்தித் திரையின் பல முகங்கள் அங்கே முதலில் கைதட்டல் வாங்கியவை. பல்கலைக்கழகத்தில் லலித் கலா கேந்திரா இருக்கிறது. 'ஆசக்த' போன்ற நாடகக் குழுக்கள் இருக்கின்றன. அங்கே நடித்துப் பழகிய ராதிகா ஆப்தே இந்தி, மராத்தி கடந்து தமிழில் 'தோனி'யிலும் (2012) 'கபாலி'யிலும் (2016) வந்தார். 1930-லிருந்து ஓடும் டெக்கான் குயீன் ரயிலில் காலையில் ஏறினால் மும்பையில் ஆடிஷனுக்குப் போய்விட்டு இரவுக்குள் வீடு திரும்பலாம்.

வழி கூடியதால் விதிகள் மாறிவிடவில்லை. போர்ட்ஃபோலியோ எடு, பதிவுக் கட்டணம் கட்டு, கோஆர்டினேட்டருக்குக் கமிஷன் கொடு என்று வேலை கிடைக்கும் முன்பே பணம் பறிக்கும் போலி ஏஜென்சிகள் பெருகிவிட்டன. மும்பைச் சின்னத்திரையில் வேலை செய்த நாளிலிருந்து 90 நாள் கழித்துச் சம்பளம் என்பது நெடுநாள் வழக்கம். நடிகர் சங்கம் பலமுறை எதிர்த்தும் முழுதாக ஒழியவில்லை. 3 மாதம் வாடகையும் சாப்பாடும் யார் கொடுப்பது? வீட்டுப் பணம் இருப்பவள் தாக்குப்பிடிக்கிறாள். இல்லாதவள் திறமை இருந்தும் ஊர் திரும்புகிறாள், அல்லது அவள் நெருக்கடியை மோப்பம் பிடித்தவனிடம் மாட்டுகிறாள். நாம் அதிர்ஷ்டம் என்று சொல்வதில் பெரும்பங்கு, காத்திருக்கும் காலத்தில் சாப்பாட்டுக்கு வழி இருந்ததா என்பதுதான்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1981-ல் வந்த திரைப்படத் தொழிலாளர் சட்டம் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் வேண்டும் என்றது. 2013-ன் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் படப்பிடிப்புத் தளத்துக்கும் பொருந்தும். இவை எவ்வளவு தூரம் தளத்தை எட்டின என்பதைக் கேரளத்தின் ஹேமா குழு அறிக்கை காட்டியது. 2017-ல் நடிகை ஒருவர் தாக்கப்பட்ட பிறகு, சினிமாவில் வேலை செய்யும் பெண்கள் கூட்டமைப்பாகச் சேர்ந்து கேட்டதால் அமைக்கப்பட்ட குழு அது. நீதிபதி கே. ஹேமா, நடிகை சாரதா, ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி கே.பி. வல்சலகுமாரி மூவரும் உறுப்பினர்கள். 2019 டிசம்பரில் அரசிடம் கொடுத்த அறிக்கை, 2024 ஆகஸ்டில்தான் வெளியே வந்தது.

அதில் என்னை மிகவும் உறுத்தியது 'அட்ஜஸ்ட்மெண்ட்' பற்றிய பகுதி மட்டுமில்லை. கழிப்பறை பற்றிய பகுதியும்தான். வெளிப்புறப் படப்பிடிப்பில் கழிப்பறை இல்லாததால் பெண்கள் மணிக்கணக்காகத் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். உடை மாற்ற மறைவிடம் இல்லை. துணை நடிகைகளுக்கு ஒப்பந்தம் என்ற பேச்சே இல்லை. ஒருத்தியின் மானத்தைக் கேட்கும் துணிவு எங்கிருந்து வருகிறது என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. அவள் தண்ணீர் குடிக்கும் உரிமையைக்கூடக் கணக்கில் எடுக்காத இடத்தில், மற்ற எதையும் கேட்க யாருக்கும் கூச்சம் வராது. காகிதத்தில் எதுவும் எழுதப்படாததால், கேட்டதற்குச் சாட்சியும் இருக்காது.

என்ன பதில் சொல்வது?

1940-களில் சாந்தா ஆப்தே தொடர்ந்து நடித்தார். தேவகி போஸின் 'அப்னா கர்' (1942), பிறகு 'சுபத்ரா' (1946), 'ஸ்வயம்சித்தா' (1949). 1964 பிப்ரவரியில் மறைந்தார். 'குங்கு'வைத் திரைப்பட மாணவர்கள் பார்க்கிறார்கள். அவர் புத்தகத்தை ஆய்வாளர்கள் மட்டுமே தேடிப் படிக்கிறார்கள். அது தமிழுக்கு வர வேண்டும் என்பது என் விருப்பம். வடபழனியிலும் சாலிகிராமத்திலும் சான்ஸ் தேடி அலைகிற பெண்களுக்கு அது பழைய நூலாகத் தோன்றாது.

நடிக்க ஆசைப்படும் மகள் வீட்டில் இருந்தால், நாம் முதலில் மானத்தைப் பற்றிப் பேசத் தொடங்குகிறோம். அந்தப் பேச்சு அவளைக் காப்பதில்லை, தனிமைப்படுத்துகிறது. தளத்தில் ஏதாவது நடந்தால் வீட்டில் சொல்ல முடியாதபடி வாயைக் கட்டுகிறது. 'நான்தான் அப்போதே சொன்னேனே' என்ற பதிலுக்குப் பயந்தே எத்தனையோ பெண்கள் எல்லாவற்றையும் விழுங்கிக்கொள்கிறார்கள். தவறு செய்கிறவனுக்கு இதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது.

ஆகவே அவளோடு உட்கார்ந்து வேறு கேள்விகளைக் கேட்போம். ஒப்பந்தம் எழுத்தில் இருக்கிறதா? எத்தனை மணி நேர வேலை? பணம் எந்தத் தேதியில், யார் கணக்கில் வரும்? தளத்தில் புகார்க் குழு உண்டா, அதில் யார் யார்? இரவு வேலை முடிந்தால் வண்டி யார் பொறுப்பு? சங்கத்தில் சேர்ந்தாயிற்றா? வங்கி வேலைக்குப் போகிற மகளிடம் சம்பளத்தையும் வேலை நேரத்தையும் கூச்சமில்லாமல் கேட்கிறோம் அல்லவா, அதே குரலில் கேட்போம். அவளும் அதே குரலில் தயாரிப்பாளரிடம் கேட்கப் பழகுவாள். இந்தக் கேள்விகளை ஒருத்தி தனியாகக் கேட்டால் அவளுக்கு அடுத்த படம் கிடைக்காமல் போகலாம். அதனால்தான் சங்கங்களும், பெயர் பெற்ற நடிகைகளும், லாபத்தில் பங்கு கேட்கும் அளவுக்கு வளர்ந்த நடிகர்களும் அவளுக்கு முன்னால் நின்று கேட்க வேண்டியிருக்கிறது. தன் புகழ் உச்சத்தில் இருந்தபோதே சாந்தா ஆப்தே அதைச் செய்தார். இன்று அந்த உயரத்தில் இருப்பவர்களிடம் நாம் எதிர்பார்க்க வேண்டியதும் அதுவே.